விரலும் வேப்பிலையும்

சென்ற வருஷம் மழைக்காலம் பிறப்பதற்குச் சற்று முன்னால், மேற்குத் தாம்பரத்தில் சுமார் நாற்பது பேர் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் பேசினோம். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போகிற வரையில் காத்திருந்த முடிச்சூர் தோழர் ஒருவர், நம்மைத் தனியே அழைத்துக் கொண்டு போய் இரண்டு கேள்விகள் கேட்டார். "பகுத்தறிவுக்காரனுக்குப் பயம் வரலாமா?" என்பது ஒன்று. "முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பயத்தைப் போக்குகிற டாக்டர்கள் இருக்கிறார்களாமே, அவர்களிடம் போகலாமா? அல்லது அதுவும் வேப்பிலை அடிக்கிற காரியந்தானா?" என்பது மற்றொன்று.

இக்கேள்விகள் அந்த ஒரு தோழருக்கு மாத்திரம் உரியவை அல்ல. நம்மவர்களில் எத்தனையோ பேர் இவற்றை வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு உள்ளேயே வைத்துப் புழுங்கிக் கொண்டிருக்கின்றார்கள். ஆதலால் இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகின்றோம்.

தோழரின் சங்கதி

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. நவம்பர் மாதத்திலேயே ஒருமுறை மூழ்கி எழுந்திருந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடியும் மூழ்கின. ஜனங்கள் மாடியிலும் மொட்டை மாடியிலும் ஏறிப் படகு வரும் வரை காத்துக் கிடந்தார்கள்.

அன்றிரவு நமது தோழர், ஆறு வயது மகளைத் தோளில் வைத்துக் கொண்டு, வயதான தாயாரின் கையைப் பிடித்தபடி, மார்பளவு தண்ணீரில் இருட்டில் வாசலிலிருந்து மாடிப்படிக்குப் போயிருக்கின்றார். நடுவழியில் தாயாரின் கை நழுவிவிட்டது. கிழவி தண்ணீருக்குள் போய்விட்டாள். தோழர் துழாவிப் பிடித்துத் தூக்கி விட்டார். அவ்வளவுதான். ஒருவரும் சாகவில்லை. ஆனால், அன்று முதல் இரவில் மழைச் சத்தம் கேட்டால் தோழர் தூங்குவதில்லை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துத் தரையில் தண்ணீர் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றார். வீட்டுப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக் கொண்டு விடிய விடிய மாடிப்படியில் உட்கார்ந்திருக்கின்றார். சாக்கடைச் சேற்று வாடை அடித்தால் பட்டப்பகலில், ஆபீசில், நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கின்றது. எப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கை நழுவுகின்றது.

வீட்டார் சும்மா இருப்பார்களா? "பயந்த கோளாறு" என்று மாமியார் மந்திரித்த கயிறு கொண்டு வந்தார். மனைவி தாயத்துக்குச் சொல்லி வைத்தார். மகளை ஒரு பூசாரியிடம் அழைத்துப் போய் வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, தண்ணீர் தெளித்துக் கொண்டு வந்தார்கள். தோழர் தமக்குக் கயிறும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவ்விதம் சொல்ல அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். அந்த மட்டில் சந்தோஷந்தான்.

ஆனால், கயிறு வேண்டாம் என்றால் பின்னே எங்கே போவது என்பதை நாம் அவருக்குக் கற்றுக் கொடுத்தோமா? இல்லை. அதோடு நின்றோமா? அதுவும் இல்லை. நம் கூட்டத்திலேயே சிலர், "பேய்க்குப் பயப்படாதவன் மழைக்குப் பயப்படுகிறானே" என்று அவரைக் கேலி செய்திருக்கின்றார்கள். நம் மேடைகளிலே எதிரியைத் திட்ட வேண்டுமானால், "கீழ்ப்பாக்கம் போக வேண்டியவன்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகின்ற பிரசாரகர்கள் இருக்கின்றார்கள். அந்தக் கைதட்டல் நடக்கும்போது, கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் இப்படிப்பட்ட தோழர் என்ன நினைப்பார் என்பதை யாராவது யோசித்தோமா? பூசாரி அவரைப் "பேய் பிடித்தவன்" என்கின்றான். நாம் "கோழை" என்கின்றோம். அவருடைய நிலையில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பயம் கோழைத்தனமா?

1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல், கைகால் நடுங்கி, பேச்சற்று, தூக்கமற்றுப் போனார்கள். குண்டின் அதிர்ச்சி என்று டாக்டர்கள் பேர் வைத்தார்கள். கோழைத்தனம் என்று மேலதிகாரிகள் பேர் வைத்தார்கள். ஓடிப் போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் சேனையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-ம் வருஷத்தில்தான் அந்த அரசாங்கம் மன்னிப்பு வழங்கிற்று. அவர்களில் பலர் மனம் நொறுங்கிப் போனவர்கள் என்பதை ஒப்புக் கொள்ள ஏறக்குறைய 90 வருஷம் பிடித்தது. அமெரிக்க மனநோய் டாக்டர்கள் தங்களுடைய நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு தனிப் பெயரும் இடமும் கொடுத்தது 1980-ம் வருஷத்தில்தான். பி.டி.எஸ்.டி. என்று இப்போது சொல்லப்படுவது அதுவே. நாம் அதை மனக்காயம் என்று சொல்லிக் கொள்வோம்.

இந்தக் காயம் உண்டாகும் விதத்தைச் சாதாரணமாகச் சொல்லுவதென்றால், வீட்டுக்குக் காவல் நாய் இருப்பது போல் மூளையில் ஆபத்தைக் கண்டு குரைக்கின்ற ஒரு பகுதி இருக்கின்றது. அது குரைத்தால்தான் உடம்பு ஓடும், அல்லது எதிர்த்து நிற்கும். அது இல்லாதிருந்தால் மனித ஜாதி என்றைக்கோ அழிந்து போயிருக்கும். திருடன் வந்து போன பிறகு சில நாய்கள் அடங்கி விடுகின்றன. சில நாய்களோ தபால்காரனைக் கண்டாலும் திருடன் என்றே குரைக்கின்றன. பெரிய ஆபத்தைக் கண்ட மனிதர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுகின்றது. சிலருக்கு ஆறுவதில்லை. நடந்தது நடந்து முடிந்த காரியமாக ஞாபகத்தில் படியாமல், இன்றும் நடக்கின்ற காரியமாகவே அவர்களுக்குள் நிற்கின்றது. மழை என்றால் 2015, சேறு என்றால் 2015.

இது படிப்பைப் பொறுத்ததல்ல, கொள்கையைப் பொறுத்ததுமல்ல. கடவுளை நம்புகிறவனுக்கும் வரும், நம்பாதவனுக்கும் வரும். மலேரியாக் கொசு ஆளின் கட்சியைக் கேட்டுக் கொண்டா கடிக்கின்றது? வெள்ளம் மாத்திரம் இதற்குக் காரணம் என்பதுமில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியதைக் கண்ட மீனவர், 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டபோது இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட கூலியாட்கள், குடிகாரப் புருஷனிடம் தினமும் உதைபடுகின்ற பெண், பலாத்காரம் செய்யப்பட்டவள், ஜாதியின் பேரால் நடுத்தெருவில் கட்டி வைத்து அடிக்கப்பட்டவன் ஆகிய இவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் இது வரலாம். ஆகவே, முதல் கேள்விக்கு நமது பதில் சுருக்கமானது. பகுத்தறிவுக்காரனுக்குக் கால் முறியலாம் என்றால், பயமும் வரலாம்.

விரல் ஆட்டும் வைத்தியம்

இனி இரண்டாவது கேள்வி. கண் அசைவுச் சிகிச்சை என்பதும், டாக்டர்கள் இ.எம்.டி.ஆர். என்பதும் ஒன்றுதான். அமெரிக்காவில் மனோதத்துவம் படித்துக் கொண்டிருந்த பிரான்சின் ஷாபிரோ என்ற அம்மையார், 1987-ம் வருஷம் ஒரு பூங்காவில் உலாவும்போது, தம்மை வாட்டிய எண்ணங்கள் கண்கள் இப்படியும் அப்படியும் வேகமாக ஓடியபோது வலுக் குறைந்ததைக் கவனித்ததாகச் சொன்னார். பிறகு 22 பேரிடம் பரீட்சை செய்து 1989-ல் முடிவை வெளியிட்டார். 2019-ல் அவர் காலமானார்.

பூங்காவில் நடந்ததாகச் சொல்லும் கதையைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். நமக்கும் வந்தது. போதி மரத்தடியிலும் மலையுச்சியிலும் ஞானம் வந்த கதைகள் நமக்குத் தெரியாதவையா? ஆனால், ஒரு விஷயம் எப்படித் தோன்றிற்று என்பது வேறு, அது உண்மையா என்பது வேறு. தோன்றிய விதத்தைப் பார்த்து நம்புவதும் தப்பு, அதைப் பார்த்துத் தள்ளுவதும் தப்பு.

செய்யும் முறை என்னவென்றால், வைத்தியர் முதலில் நோயாளியின் சரித்திரத்தைக் கேட்கின்றார். பிறகு மனத்தை அமைதிப்படுத்திக் கொள்ளும் வழிகளைச் சொல்லிக் கொடுக்கின்றார். "போதும்" என்று தோன்றினால் கையைக் காட்டி எந்த நிமிஷமும் நிறுத்தலாம் என்று ஏற்பாடு செய்து கொள்கின்றார்கள். அதன்பின் நோயாளியை அதிகமாக வருத்துகின்ற ஒரு காட்சியையும், அதைப் பார்க்கும்போது தன்னைப் பற்றித் தனக்கு என்ன தோன்றுகின்றது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கச் செய்கின்றார்கள். நமது தோழருக்கு நழுவிய கை காட்சி. "நான் கையாலாகாதவன்" என்பது எண்ணம். அந்த வேதனை 0 முதல் 10 வரையில் எத்தனை என்று கேட்டு எழுதிக் கொள்கின்றார்கள். பிறகு காட்சியை மனத்தில் வைத்துக் கொண்டே, வைத்தியரின் விரல் இடமும் வலமும் போவதைத் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். சுமார் அரை நிமிஷம். நிறுத்தி, மூச்சு விட்டு, "இப்போது என்ன தோன்றுகின்றது?" என்று கேட்கின்றார். தோன்றியதைச் சொன்னதும் மறுபடியும் விரல். வேதனையின் எண் இறங்குகிற வரையில் இப்படியே நடக்கின்றது. விரலுக்குப் பதில் கைகளை மாற்றி மாற்றித் தட்டுவதும், இரு காதுகளில் மாறி மாறிச் சத்தம் கொடுப்பதும் உண்டு. அடுத்த தடவை வரும்போது, இறங்கிய எண் இறங்கியபடியே இருக்கின்றதா என்று மறுபடியும் கேட்கின்றார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அன்னியரிடம் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மானத்துக்கு அஞ்சி வாய் திறக்க முடியாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

சானடோரியம் கற்றுக் கொடுக்கும் பாடம்

"சரி, பூசாரியும் வேப்பிலையை இடமும் வலமும் ஆட்டுகின்றான், இவரும் விரலை ஆட்டுகின்றார், அவனிடம் போனவனும் குணமானேன் என்கின்றான், இவரிடம் போனவனும் குணமானேன் என்கின்றான், என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். கேட்காவிட்டால் நாம் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லாதவர்கள். இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கின்றது.

1928-ம் வருஷத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் தாம்பரத்தில் க்ஷயரோக சானடோரியம் ஆரம்பித்தார். அதன் பேரால்தான் இன்றும் அங்கே ரயில்வே ஸ்டேஷன் இருக்கின்றது. நல்ல காற்று, நல்ல ஆகாரம், நல்ல ஓய்வு ஆகிய இவைதான் க்ஷயத்துக்கு வைத்தியம் என்று உலகம் முழுவதும் நம்பியிருந்த காலம் அது. பிற்பாடு மருந்துகள் வந்தன. மருந்து வந்த பிறகும், காற்றும் ஆகாரமும் ஓய்வும் இல்லாமல் குடிசைக்காரனுக்கு மருந்து மாத்திரம் கொடுத்தால் பலிக்குமா என்ற சந்தேகம் இருந்தது. 1956-ம் வருஷம் சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளைச் சீட்டுப் போட்டு எடுப்பது போல் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீட்டில் மட்டமான ஆகாரம் உண்டவனும், சானடோரியத்தில் காற்று வாங்கியவனும் ஏறக்குறைய ஒன்று போலவே குணமானார்கள். ஏழை வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது சென்னைப் பட்டணந்தான்.

இதிலுள்ள பாடம் என்ன? ஒரு வைத்தியத்தில் பத்துச் சங்கதிகள் கலந்திருக்கும். அவற்றில் எது குணப்படுத்துகின்றது, எது வெறும் சடங்கு என்பதை, குணமானவனைக் கேட்டால் தெரியாது; வைத்தியனைக் கேட்டாலும் தெரியாது. இரண்டு பிரிவாக்கி, ஒன்றுக்குக் கொடுத்து, மற்றொன்றுக்குக் கொடுக்காமல், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

விரல் வைத்தியத்தையும் இப்படி எண்ணிப் பார்த்திருக்கின்றார்கள். இதைச் செய்து கொண்டவர்களையும், சிகிச்சையில்லாமல் காத்திருந்தவர்களையும், வேறு சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பல பரீட்சைகள் நடந்தன. அவற்றையெல்லாம் சீர்தூக்கிய உலக சுகாதார ஸ்தாபனம், மனக்காயத்தால் நோய்ப்பட்ட பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு விதச் சிகிச்சைகளை 2013-ம் வருஷத்தில் சிபாரிசு செய்தது. எண்ணங்களையும் நடத்தையையும் பேசித் திருத்தும் சிகிச்சை ஒன்று, இந்தக் கண் அசைவுச் சிகிச்சை மற்றொன்று. பிரிட்டனில் சர்க்கார் வைத்தியத்துக்கு விதி வகுக்கும் நிலையமான நைஸ் என்பதும் 2018-ல் இதை ஒப்புக் கொண்டு, வழக்கமாக 8 முதல் 12 தடவை என்று குறித்திருக்கின்றது. அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தார் அவ்வளவு தூரம் போகவில்லை. 2017-ல் அவர்கள் பேச்சுச் சிகிச்சைகளைப் பலமாகவும், இதைச் சற்றுத் தயக்கத்தோடும் சிபாரிசு செய்தார்கள். எனவே, இது பலன் தருகின்றது என்பதில் பெரிய தகராறு இல்லை. எல்லாவற்றிலும் இதுவே சிரேஷ்டமானது என்று ஒருவர் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் குணப்படுத்துவது விரலா என்றால், அங்கேதான் தகராறு. பழைய பயத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துத் துணிந்து நினைத்துப் பார்ப்பதுதான் மருந்து, விரல் வெறும் அலங்காரம் என்று சில அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். 2001-ம் வருஷத்தில் பரீட்சைகளைத் தொகுத்துப் பார்த்த இருவர், கண்ணை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று எழுதினார்கள். 2013-ல் மறுபடியும் தொகுத்துப் பார்த்த வேறு இருவர், கண் அசைவால் கூடுதல் பலன் உண்டு என்று எழுதினார்கள். பிரிட்டனிலும் ஹாலந்திலும் நடந்த பரீட்சைகளிலிருந்து ஒரு விளக்கம் கிடைத்திருக்கின்றது. ஒரு சமயத்தில் மனம் சுமக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் அளவு உண்டு. காட்சியை நினைத்துக் கொண்டே விரலையும் பின்தொடர வேண்டியிருந்தால் காட்சி மங்குகின்றது. மங்கிய காட்சியே மீண்டும் ஞாபகத்தில் போய்ப் படிகின்றது. விரலைப் பின்தொடராமல் கணக்குப் போட்டாலும், படம் வரைந்தாலும் அதே மாதிரி மங்குகின்றதாம். ஆகவே, விரலுக்கு மகிமை ஒன்றுமில்லை. மனத்துக்கு இன்னொரு வேலை கொடுப்பதில்தான் சூட்சுமம் இருப்பதாகக் காண்கின்றது.

தோழர்களே, வித்தியாசம் இங்கேதான் இருக்கின்றது. வேப்பிலையில்லாமல் புளிய இலையால் அடித்தால் பேய் போகுமா என்று எந்தப் பூசாரியாவது இரண்டு பிரிவு வைத்துப் பரீட்சை செய்தானா? பேய் போகாவிட்டால் "உன் பக்தி போதாது" என்கின்றான். பணம் போதாது என்றும் சொல்லுவான். தன் மந்திரத்தைத் தன் மகனுக்கு மாத்திரம் காதில் ஓதுகின்றான். இங்கேயோ முறை முழுவதும் புஸ்தகத்தில் இருக்கின்றது. எதிர்த்து எழுதியவர்களும் அதே வைத்தியப் பத்திரிகைகளில் எழுதுகின்றார்கள். எண் இறங்காவிட்டால் தவறு முறையில் தேடப்படுகின்றதே தவிர, நோயாளியின் தலையில் கட்டப்படுவதில்லை. நோயாளி கையைக் காட்டினால் வைத்தியர் நிறுத்த வேண்டும். சங்கிலியில் கட்டி வைத்து அடிக்கின்ற இடத்தில் "நிறுத்து" என்று சொல்ல முடியுமா? 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் நெருப்புப் பிடித்தபோது, குணமாவதற்கென்று கொண்டு வந்து சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மன நோயாளிகளில் 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். தர்கா என்றாலும், கோவில் என்றாலும், ஜெபக்கூடம் என்றாலும் நமக்கு ஒன்றுதான். மனிதனைக் கட்டிப் போட்டுக் குணப்படுத்துகின்றோம் என்கின்ற எந்த இடமும் வைத்தியசாலை ஆகாது.

யாருக்குக் கிடைக்கின்றது?

நிற்க, நமது தோழர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்பார்கள். பட்டணத்துக்குப் போய் ஒன்பது தடவை சிகிச்சை செய்து கொண்டார். முதல் நாள் 9 என்று சொன்னவர் கடைசி நாள் 2 என்று சொன்னாராம். இந்த மழைக்கு ஓர் இரவு எழுந்து, தரையைத் தொட்டுப் பார்த்து, திரும்பப் படுத்துத் தூங்கினார். இதை நாம் அத்தாட்சியாகக் கொடுக்கவில்லை. ஏனென்றால், தாயத்துக் கட்டிக் கொண்ட பக்கத்து வீட்டுக்காரரும் இதே மாதிரிதான் சொல்லுகின்றார். ஒருவர் சொல்லுவது அத்தாட்சியாகாது என்று தாயத்துக்குச் சட்டம் பேசுகின்ற நாம், நமக்குப் பிடித்த காரியத்துக்கு வேறு சட்டம் பேசக் கூடாது. அத்தாட்சி மேலே சொன்ன பரீட்சைகள்தான். தோழர் தூங்குகின்றார் என்பது நமக்குச் சந்தோஷம், அவ்வளவே.

ஆனால், அவர் ஒரு தடவைக்குக் கொடுத்த பணம் ஒரு கொத்தனாரின் நாட்கூலிக்கு அதிகம். மாதச் சம்பளக்காரர் கொடுத்துவிட்டார். அதே தெருவில் பாத்திரம் தேய்க்கின்ற பெண் என்ன செய்வாள்? அவளுக்குக் கிட்டத்தில் இருப்பதும், கடனுக்குச் செய்வதும் பூசாரிதானே! ஏழை பூசாரியிடம் போவது முட்டாள்தனத்தால் மாத்திரம் அல்ல, வேறு கதவு திறந்திராததாலும் என்பதை நாம் மறந்து பேசுகின்றோம்.

இது முடியாத காரியமும் அல்ல. 2001-ல் குஜராத்தில் பூகம்பம் வந்த பிறகும், 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் வைத்தியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இம்முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். மெக்சிகோவில் ஒரு பெரும் புயலுக்குப் பின் 1998-ல் அகபுல்கோவில் வேலை செய்தவர்கள், குழந்தைகள் தங்கள் கைகளை மார்பில் குறுக்கே வைத்துத் தாங்களே தோளை மாற்றி மாற்றித் தட்டிக் கொள்ளும் வழியை உண்டாக்கி, பலரைக் கூட்டமாக உட்கார வைத்துச் சிகிச்சை செய்தார்கள். 2018-ல் அமலுக்கு வந்த 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், சர்க்கார் நடத்துகின்ற அல்லது சர்க்கார் பணத்தில் நடக்கின்ற இடங்களில் மனநோய் வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று எழுதியிருக்கின்றது. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. சட்டத்தில் இருப்பது முடிச்சூர்த் தெருவுக்கு வர வேண்டாமா?

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மழைக்காலம் வந்தால் மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, மோட்டார் எத்தனை என்று கணக்கெடுக்கின்றார்கள். நல்ல காரியந்தான். தண்ணீர் வடிந்த பின் எத்தனை பேர் தூக்கமில்லாமல் இருக்கின்றார்கள், எத்தனை குழந்தைகள் பள்ளிக்கூடம் போக மறுக்கின்றார்கள் என்பதையும் அப்படியே கணக்கெடுக்கட்டும். வெள்ள முகாமில் ரொட்டிப் பொட்டலம் கொடுக்க ஆள் இருப்பது போல், வெள்ளம் வடிந்த ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போய் விசாரிக்கப் பழகிய ஓர் ஆளும், பயிற்சி பெற்ற வைத்தியரும் ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்கட்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல. வரி கொடுக்கின்றவன் உரிமை.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லாமலும், நடந்ததே கண்முன் வந்து கொண்டும் இருப்பவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகட்டும். 14416 என்ற டெலி மானஸ் நம்பருக்குப் பணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். இரண்டாவது, விரல் ஆட்டுகிறேன் என்று பலகை மாட்டிய எல்லோரையும் நம்ப வேண்டாம். நீ எங்கே பயிற்சி பெற்றாய், முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பாயா, பலிக்காவிட்டால் வேறு என்ன செய்வாய் என்று கேளுங்கள். சர்க்கரை வியாதி முதல் குடும்பச் சண்டை வரை எல்லாவற்றையும் விரலால் தீர்க்கிறேன் என்று சொல்லுகின்றவன் கோட்டுப் போட்ட பூசாரியே தவிர வைத்தியன் அல்ல. இதைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் விரலை ஆட்டவும் வேண்டாம். ஆறாத புண்ணைப் பழக்கமில்லாதவன் கிளறினால் இரத்தந்தான் வரும். மூன்றாவது, நம் மேடையிலிருந்து "கீழ்ப்பாக்கம்" என்கின்ற வசவை இன்றோடு இறக்கி விடுவோம்.

சென்ற மாதம் அதே மேற்குத் தாம்பரத்தில் மறுபடியும் ஒரு கூட்டம். சுமார் நாற்பது பேர்தான். பேச்சு முடிந்ததும் முடிச்சூர் தோழர் எழுந்து, "எனக்கு இப்படி ஒரு நோய் இருந்தது, இன்ன இடத்துக்குப் போனேன், இன்னும் கொஞ்சம் இருக்கின்றது" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவரைத் தனியே அழைத்துக் கொண்டு போய்க் கேள்வி கேட்க மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், போன வருஷம் அவரைக் கேலி செய்தவர்.